தானாக உடைந்ததா?

பனங்கிழங்கைத் தின்னத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தலையங்கத்தின் முதல் பாதி தேவைப்படாது. அவித்த கிழங்கை முதலில் நீளவாக்கில் பிளக்கிறோம். நடுவில் இருக்கும் குருத்தை எடுத்து, நாரை உரித்துவிட்டு, பிறகு குறுக்கே ஒடிக்கிறோம். ஒடித்ததைப் பிளந்தேன் என்று பனமலைப் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லாது. நார் ஓடும் திசையிலேயே பிரிந்தால் பிளத்தல், அதற்குக் குறுக்கே போனால் ஒடித்தல். ஊரின் பெயரிலேயே பனை இருக்கிறது. மலைமேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலின் இறைவனும் தாளகிரீஸ்வரர்தான்; தாளம் என்றாலும் பனைதான். உடைவதைப் பற்றிய வினைச்சொற்களைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

கைக்கு அடங்கியது ஒடியும். பாரம் தாங்க மாட்டாதது முறியும்: கிளை, வண்டி அச்சு, எலும்பு. இழுத்துக் கட்டியது அறும். விறைத்து நிற்பது வெளியடியில் நொறுங்கும். கட்டி எழுப்பியது இடியும். காப்பதற்கென்றே கட்டியதாக இருந்தால் தகரும். 1750இல் பிரெஞ்சுப் படை இரவில் செஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்தது வாயிற்கதவை வெடி வைத்துத் தகர்த்துத்தான். கதவை உடைத்தார்கள் என்று எழுதினால் ஏதோ திருட்டு வழக்குபோல இருக்கும். முகலாயருக்கு 1698இல் அதே கோட்டை விழுந்தது. எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு விழுந்த கோட்டைக்கு ‘தகர்ந்தது’ பொருந்தாது.

உள்ளேயிருந்து நெருக்கினால் வெடித்தல் என்று ஒரு விதி செய்யலாம். பருத்திக்காய், பனம்பாளை, டயர், எல்லாம் இதற்கு அடங்கும். ஆனால் பித்தவெடிப்பு காலை வாரிவிடும். காய்ந்த ஏரியின் அடிநிலமும் வெடித்துத்தான் கிடக்கிறது. அங்கே உள்ளே நெருக்க ஒன்றுமில்லை. ஈரம் போய்ச் சுருங்கியதால் வந்த வெடிப்பு. இன்னொரு பக்கம், உள்ளழுத்தத்தால் திறந்துகொள்கிற கட்டியும் பனிக்குடமும் ‘வெடித்தது’ என்று சொல்லப்படுவதில்லை. கட்டி உடைந்தது, பனிக்குடம் உடைந்தது என்கிறோம். நீரைத் தாங்கி நிற்பதைத் தமிழ் குடமாகவே பார்க்கிறது போலும். குடம் உடையும். ஏரியும் உடையும்.

இவற்றில் எந்த வினையும் வேகத்தைச் சொல்வதில்லை என்பது கவனிக்க வேண்டியது. எப்படி உடைந்தது என்பதை வினை சொல்லும். எவ்வளவு சட்டென்று என்பதை அதற்கு முன்னால் வருகிற ஒலிக்குறிப்பு சொல்லும். கிளை மளுக்கென்று முறிகிறது, நூல் பொட்டென்று அறுகிறது, டயர் படீரென்று வெடிக்கிறது, கண்ணாடி சலீரென்று உடைகிறது. நூல் சலீரென்று அறாது. கண்ணாடி மளுக்கென்று உடையாது. நாளிதழ்த் தமிழ் இத்தனையையும் ஒழித்துவிட்டு ‘திடீரென’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. வேகம் இல்லாத உடைவுக்கும் சொல் உண்டு. பனமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியத்தின் பெரும்பகுதி சுண்ணப்பூச்சோடு உதிர்ந்துபோனது. குடைக்கீழ் நிற்கும் தேவி மட்டும் ஓரளவு தெளிவாக எஞ்சியிருக்கிறாள். உதிர்வதற்கு நாளும் கிடையாது, ஒலியும் கிடையாது.

எந்த உடைவுக்கு எந்தச் சொல் என்று அறியப் பழைய நிகண்டுகள் உதவா. எவை ஒரு பொருளன என்று சேர்த்துச் சொல்வது அவற்றின் வேலை. மண்டலபுருடர் செய்தது சூடாமணி நிகண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த அந்த நூலுக்கு நம் கடன் பெரிது. ஆனாலும் எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை எந்த நிகண்டும் சொல்லித் தராது. அதைச் சொன்னவர்கள் வீட்டிலும் களத்திலும் இருந்தார்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வந்ததால் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

இனி நமக்கு முக்கியமான இடம். தட்டு கீழே கிடக்கிறது. “ஒடஞ்சு போச்சும்மா” என்கிறது பிள்ளை. “அதுவா ஒடஞ்சுதா, நீ ஒடச்சியா?” என்கிறாள் தாய். தன்வினை பிறவினை இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. உடைந்தது, உடைத்தான், முறிந்தது, முறித்தான், தகர்ந்தது, தகர்த்தான். மெல்லினம் இருந்தால் ஆள் இல்லை. வல்லினம் இரட்டித்தால் ஆள் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மறுநாள் முதல் எல்லாச் செய்திகளும் அந்தப் பிள்ளையின் இலக்கணத்தில்தான் வந்தன: ஏரி உடைந்தது, கரை உடைந்தது, சாலை துண்டிக்கப்பட்டது. தென்பெண்ணையின் குறுக்கே, திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் ‘அடித்துச் செல்லப்பட்டது’. அடித்தது வெள்ளம், சரி. அத்தனை தண்ணீர் வரும் என்று கணக்கில் கொள்ளாதவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

ஏரி அப்படித் தானாக உடைவதில்லை என்பது ஏரிக்கரை ஊர்களுக்குத் தெரியும். துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி ஏறத்தாழ 38 கிலோமீட்டர் ஓடி, வழியிலுள்ள ஏரிகளுக்குத் தண்ணீர் தந்து, பனமலை ஏரியில் முடிகிறது நந்தன் கால்வாய். ஏரி நிரம்பி உபரி நீர் கோடி வழியே போனால் ஊருக்குக் கொண்டாட்டம். கோடி தூர்ந்திருந்தாலோ, அடைத்து வைத்திருந்தாலோ, தண்ணீர் கரையின் மெலிந்த இடத்தைத் தேடும். முதலில் எலி வளையிலும் நண்டு வளையிலும் ஊறும். பிறகு கரையின் வெளிப்புறம் கசியும். தெளிவாகக் கசிகிறவரை பயமில்லை என்பார்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அடுத்து கரை உள்வாங்கும், சரியும், அப்புறம்தான் உடையும். ஊறல், கசிவு, அரிப்பு, சரிவு, உடைப்பு: ஐந்து பெயரும் ஒரே கரையின் ஐந்து நிலைகள். முதல் மூன்றிலும் மண்வெட்டியும் மணல் மூட்டையும் போதும். செய்திக்கு ஐந்தாவது மட்டுமே வந்து சேர்கிறது. அதனால் எல்லா ஏரியும் ‘திடீரென’ உடைகிறது. ‘உடைப்பெடுத்தது’ என்பது இன்னும் நுட்பமான தப்பிப்பு. உடைப்பை ஏரியே எடுத்துக்கொண்டது என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

வெடித்தலுக்கு வந்தால் இலக்கணமே கைவிட்டுவிடுகிறது. வெடி வெடித்தது, வெடி வெடித்தான் — இரண்டுக்கும் ஒரே வல்லினம்தான். ஒருவேளை அதனால்தான் பத்திரிகைகளுக்கு இந்த வினை இவ்வளவு பிடித்திருக்கிறதோ என்னவோ. சர்ச்சை வெடிக்கிறது, மோதல் வெடிக்கிறது, போராட்டம் வெடிக்கிறது. செய்யாற்றை அடுத்த மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்து விவசாயிகள் 2023இல் நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன் மனு கொடுத்திருப்பார்கள், கூடிப் பேசியிருப்பார்கள், அலைந்திருப்பார்கள். நவம்பரில் கைதும் குண்டர் சட்டமும் வந்த பிறகே மற்ற மாவட்டங்களுக்கு அது செய்தியானது. இதைப் போய் ‘வெடித்தது’ என்றால், காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது. கொடுத்த மனுவைப் படிக்காதவரும் கணக்கில் வரமாட்டார். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் நடப்பதும் ஒவ்வொரு முறையும் ‘வெடிவிபத்து’தான். அளவுக்கு மீறி ஆளையும் மருந்தையும் ஒரே அறையில் வைத்திருந்தால் அதை விபத்து என்று முதல் நாளே முடிவு செய்வது யார்?

‘வெடித்தது’ என்று எழுதவே கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் அந்தச் சொல் இருந்தால், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்டு எழுதுகிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார். நல்ல கட்டுரைதான், வருத்தம் உண்டு.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். கிணறு தூர்வது, சரிவது, இடிவது, உள்வாங்குவது — இவை உங்கள் ஊரில் ஒன்றா, வேறா? மல்லாட்டையை (நிலக்கடலையை) நீங்கள் உடைக்கிறீர்களா, உரிக்கிறீர்களா? ஏரி உடைந்த ஆண்டு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். உடைவதற்கு முன் முதலில் கசிவைப் பார்த்தவர் யாரிடம் போய்ச் சொன்னார் என்பதையும்.