சிரிப்பதற்கென்று ஒரு மாடி அறை



சிரிப்பைச் சிறுபிள்ளைச் செயலென்று நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்தப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதலில் நிறுத்தினார். அழுகைக்கும் அச்சத்திற்கும் வெகுளிக்கும் அதன் பின்னரே இடம் அளித்தார். அந்நகை பிறக்கும் ஊற்றுகளையும் அவர் எண்ணிக் காட்டுகிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை என அவை நான்கு. இங்கு உரையாசிரியர் பேராசிரியர் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார். நாம் பிறரை எள்ளி நகுவதும் எள்ளல்தான். பிறர் நம்மை எள்ளியபோது நாமே நகுவதும் எள்ளல்தான் என்கிறார். இந்த இரண்டாவது வகையை நம்மில் எத்தனை பேர் பயின்றிருக்கிறோம் என்பதே இத்திங்கள் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அதற்குக் காரணம் ஒரு பயணம். எங்கள் சென்னிமலையின் படுக்கை விரிப்புகளைப் பற்றி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருமண வீடு ஒன்றிற்கு அத்தகைய விரிப்புகள் கொண்ட கட்டு ஒன்றைச் சேர்ப்பிக்கும் பொருட்டு என் மைத்துனர் சென்னைக்குப் புறப்பட்டார். நானும் துணை சென்றேன். ஈரோட்டில் ஏற்காடு விரைவு வண்டியில் இரவு ஏறி, விடியலில் பட்டணத்தில் இறங்கினோம். மைத்துனரின் வயது அறுபத்தெட்டு. அதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்தவர். நாளொன்றுக்குப் பத்துச் சொல் பேசினால் அன்று அவர் அதிகம் பேசினார் என்று வீட்டில் சொல்வார்கள். வந்த வேலை மதியத்திற்குள் முடிந்துவிட்டது. அங்கே பணிபுரியும் அவருடைய இளைய மகன், "மாமா, கடற்கரை எப்பவும் இருக்கும். இன்னைக்கு வேற ஒரு இடம் காட்டறேன், அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றான்.

அவன் எங்களை அழைத்துச் சென்ற இடம் ஒரு தேநீர்க் கடையின் மாடி. அறுபது நாற்காலிகள் இருக்கலாம். மேடை என்று சொல்லத்தக்கது ஒரு முழ உயரமுள்ள பலகைத் தளம். அதன்மேல் ஒரு ஒலிவாங்கி, ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி. திரையில்லை, பக்கவாத்தியம் இல்லை, வேடமும் இல்லை. ஒருவர் வருவார், ஐந்து நிமிடம் பேசுவார், கூட்டம் சிரித்தால் பிழைப்பார், சிரிக்காவிட்டால் அந்த மௌனத்தை எல்லார் முன்னிலையிலும் விழுங்கிக்கொண்டு இறங்குவார். நேரம் முடிந்ததென்று அறிவிக்க அறையின் பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. புதிதாக எழுதியதை முதன்முதலில் சோதித்துப் பார்க்கும் இத்தகைய மாலைக்கு 'ஓப்பன் மைக்' என்று பெயராம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963-இல் நியூயார்க் நகரில் பட் ஃப்ரீட்மன் என்பவர், நாடக நடிகர்கள் தங்கள் காட்சி முடிந்தபின் வந்து அமர்ந்து போவதற்கென ஒரு சிற்றுண்டிச் சாலை திறந்தார். அங்கே பாட வந்தவர்களோடு சிரிக்கவைக்க வந்தவர்களும் சேர்ந்தனர். சுவருக்குப் பூச்சு பூசப் பணமில்லாமையால் செங்கல் அப்படியே தெரிந்தது என்பர். இன்று உலகெங்கும் இத்தகைய அரங்குகளில் பணம் செலவிட்டுச் செங்கற்சுவர் வைக்கிறார்கள்! 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1979-இல் லண்டனிலும் 'காமெடி ஸ்டோர்' என்ற பெயரில் அரங்குகள் எழுந்தன. 2010-இல் அது மும்பைக்கும் வந்தது. இப்போது அது தமிழிலும் நன்கு வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் கணினிப் பணியை விட்டு வந்த அலெக்சாண்டர் பாபு, பாட்டும் நகைச்சுவையும் கலந்து நிகழ்த்திய நிகழ்ச்சி 2019-இல் இணையத்தில் வெளியானதை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பர்.

நிற்க. நாங்கள் தெரியாத்தனமாக முன்வரிசையில் அமர்ந்துவிட்டோம். முதலில் வந்த இளைஞர் தாம் எழுதிக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். வேட்டி கட்டி, காலடியில் துணிக்கட்டு வைத்திருந்த கிழவர் ஒருவர் அவர் கண்ணில் பட்டது இயல்பே.

"ஐயா, எந்த ஊரு?" என்றார்.

"சென்னிமலைங்க."

அந்த 'ங்க'வை அவர் இரண்டு முறை இழுத்துச் சொல்லிக்காட்டினார். அறை சிரித்தது. மகன் முகம் சிவந்தது.

"அங்க என்னங்க ஃபேமஸுங்க?"

"பெட்ஷீட்டுங்க."

"ஓ! ஊரையே தூங்க வைக்கிற ஊரா?"

மீண்டும் சிரிப்பு. மைத்துனர் காலடியிலிருந்த கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன், "அதுக்கில்லீங் தம்பி. நீங்க பேசறீங்கன்னு பையன் சொன்னானுங்க. கேக்கறவங்களுக்குத் தேவைப்படுமேன்னு கையோட கொண்டாந்தேனுங்க" என்றார்.

அந்த அறையில் அன்று எழுந்த சிரிப்புகளில் அதுவே பெரியது. அந்த இளைஞரைப் பாராட்ட வேண்டும். அவர் முகம் சுருங்கவில்லை. ஒலிவாங்கியை முக்காலியில் வைத்துவிட்டு இரு கைகளையும் கூப்பி, எங்களைவிடப் பலமாகச் சிரித்தார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது எள்ளலை அவர் அறிந்திருந்தார்.

அடுத்து வந்தவர் அறியவில்லை. அவர் தம் மனைவியின் பருமனைப் பற்றிப் பேசினார். பிறகு அவளுடைய நிறத்தைப் பற்றிப் பேசினார். சிரிப்பு எழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் அந்த அம்மையார் அமர்ந்திருப்பதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது. அவர் இல்லத்தில் இந்நேரம் சோறு வடித்துக்கொண்டிருக்கக்கூடும். இத்தகைய நகைச்சுவைக்கு நாம் புதியவர்கள் அல்லர். ஒருவர் உதைக்க மற்றவர் உதைபட, உதைபடுபவரின் தலையையும் நிறத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்த திரைப்படக் காட்சிகளை இருபது ஆண்டுக்காலம் குடும்பத்தோடு கண்டு களித்தவர்கள்தாமே நாம்?

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றாள். அவளுக்குத் திக்குவாய். "எனக்கு அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க. மத்தவங்க கணக்குல அது ரெண்டு நிமிஷம்" என்பதை அவள் சொல்லி முடிக்கவே அரை நிமிடம் சென்றது. தனக்கு மிகவும் பிடித்த உணவு தோசை என்றாள். ஆனால் உணவகத்தில் அந்த முதலெழுத்து வாயில் வராமல் போவதால், பரிமாறுபவர் பொறுமையிழப்பதற்குள் எப்போதும் இட்லி என்று சொல்லிவிடுவதாகவும், இவ்வாறு இருபது ஆண்டுகளாக இட்லியே தின்று வருவதாகவும் சொன்னாள். பெண் பார்க்க வந்த வீட்டார் இவள் அடக்கத்தைக் கண்டு மெச்சிப் போனார்களாம். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்து, "இ... இ..." என்று தொடங்கி, கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க, "இட்லி!" என்று முடித்துவிட்டு இறங்கினாள்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினர். என் மைத்துனர் எழவில்லை; துணிக்கட்டின்மேல் கைகளை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பின்னர் படியிறங்கும்போது, மகன் சற்று முன்னே போனபிறகு, என்னிடம் சொன்னார்:

"ஏனுங் மாப்பிள்ளை, அந்தப் புள்ளைக்குத் தோசைன்னா எனக்குப் பாவுங்க. எட்டு வயசுல அந்தச் சொல்லு வாய்ல வராது. 'பா... பா...'ம்பேன். தறிக்குடியே நாடாவ நிறுத்திப்போட்டுச் சிரிக்கும். எங்கப்பனுஞ் சிரிப்பாருங்க. அதுல பேச்சையே கொறச்சுக்கிட்டேன். வாய் அப்பறம் தானாச் சரியாப் போச்சு. பேச்சுத்தான் திரும்பலீங்."

அவர் தங்கையை மணந்து முப்பத்தோராண்டுகள் ஆகின்றன. அவர் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவர் என்றுதான் எங்கள் குடும்பம் முழுவதும் எண்ணியிருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கும் இது தெரியாது. அவருடைய இசைவு பெற்றே இங்கு எழுதுகிறேன்.

அந்தத் தறிக்குடியில் சிரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நாள் முழுதும் கால்மிதியை மிதித்துக் களைத்தவர்களுக்குச் சிரிக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அருகில் ஒரு சிறுவன் கிடைத்தான். நம் இல்லங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. விருந்தினர் வந்ததும் "எங்க கருப்பி", "எங்க குண்டு" என்று பிள்ளையை அழைத்து அறிமுகம் செய்கிறோம். பிள்ளையும் சிரிக்கிறது, சிரிக்காமல் வேறென்ன செய்யும்? பாடத்தில் தடுமாறியதையும், படுக்கையை நனைத்ததையும், புதுப்பாவாடையில் விழுந்ததையும் ஒவ்வொரு திருநாளிலும் மறவாமல் எடுத்துரைக்கும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அந்தப் பெண் தன் திக்குவாயைத் தானே எடுத்து மேடையில் வைத்தாள். எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது அவள் கையில் இருந்தது. எட்டு வயதுச் சிறுவனுக்கு அது இல்லை.

தன் முகத்தைத் தானே முதலீடாக்கிய மனிதர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே தோன்றியிருக்கிறார். 1933-இல் பிறந்து தாராபுரத்தில் வளர்ந்த நாகேஷ்தான் அவர். அம்மை வடுப் பதிந்த முகமும் ஒல்லியான உடலும் கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரமே தோன்றினார். தலைமை வகிக்க வந்த எம்.ஜி.ஆர். அவரையே பாராட்டிக் கோப்பை வழங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' தன் தோற்றத்தைப் பற்றிக் கூச்சமுற்ற ஓர் இளைஞனின் கதை. அதில் சிரித்தவர்கள் இறுதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். அவருக்கு முன்னரே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி கற்று உயர் அலுவலராகத் திரும்பும் 'கிந்தனார்' கதையைக் காலட்சேபமாக நிகழ்த்தி, சிரித்தவர்களைத் தம் ஊர்ச் சேரியைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

'ங்க' விவகாரத்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. எங்கள் கொங்குப் பேச்சு திரையில் நெடுங்காலம் சிரிப்புக்கென்றே பயன்பட்டு வந்தது. கவுண்டமணி உடுமலைப் பக்கத்துக்காரர். கோவை சரளா பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறார். 1995-இல் வந்த 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனும் அவரும் பேசிய கொங்குத் தமிழைக் கேட்டு நாங்களே விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் மொழியை எங்களவரே, அதன் மரியாதையும் குறும்பும் குறையாமல் பேசியதே அதற்குக் காரணம். ஒலியை மட்டும் எடுத்து இழுத்துக்காட்டும்போது அது வெறும் பழிப்பாகிவிடுகிறது. அன்று மைத்துனர் அதே 'ங்க'வைக் கொண்டே பதிலிறுத்தார் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு, மறைப்பானேன்?

பக்தியுள்ள குடும்பங்களுக்குச் சிரிப்பரங்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2024 ஜூன் 14 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பதினைந்து நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்து உரையாடினார். அன்றே அவர் உலகத் தலைவர்களின் மாநாட்டிற்கும் செல்ல வேண்டியிருந்தது; முதலில் சந்தித்தது இவர்களைத்தான். அன்புக்குரியவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளைப் பற்றியும் நகைக்கலாம், அது இறைநிந்தை ஆகாது என்றார். ஆனால் நம்பிக்கையாளர்களின், சிறப்பாக ஏழைகளின், சமய உணர்வைப் புண்படுத்தலாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். நகைச்சுவை உணர்வை வேண்டும் மன்றாட்டு ஒன்று, 1535-இல் தலை வெட்டப்பட்ட புனித தாமஸ் மூரின் பெயரால் வழங்குகிறது. அதனைத் திருத்தந்தை நாள்தோறும் செபித்துவந்தார். அந்தத் தாமஸ் மூரோ, தள்ளாடிய கொலைமேடையில் ஏறும்போது, ஏறுவதற்கு மட்டும் கைகொடுக்குமாறும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் காவல் அதிகாரியிடம் சொன்னவர்.

நம் பங்குத் திருவிழா நாடகங்களில் முன்பெல்லாம் கோமாளி ஒருவர் தவறாமல் வருவார். அரசனையும் அமைச்சனையும் பெரிய மனிதரையும் நையாண்டி செய்ய அவருக்கு உரிமை உண்டு. எளியவரை அவர் தொடமாட்டார். இப்போது அந்த இடத்தில் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு ஒலிக்கிறது. வரும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இளைஞர் குழுவினர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று பேசவிட்டுப் பார்க்கலாம். பேசுபவர் தம்மையோ தம்மினும் வலியவரையோ தவிர வேறெவரையும் பற்றிச் சொல்லலாகாது என்பதை மட்டும் நிபந்தனையாக்கலாம். பங்குத் தந்தையரின் மறையுரை நீளத்தைப் பற்றி யாரேனும் பேசினால், தந்தையர் முன்வரிசையில் அமர்ந்து பொறுத்தருள்வார்களாக.

நகரங்களுக்குச் செல்லும்போது இத்தகைய அரங்கைக் காண விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நுழைவுச்சீட்டைக் கைப்பேசியிலேயே வாங்கலாம். பல நிகழ்ச்சிகளுக்குப் பதினாறோ பதினெட்டோ வயது வரம்பு உண்டு. கொச்சை மொழியும் வருவதுண்டு. ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் விசாரித்துக்கொள்வது நலம். எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்க. பாதி நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் உள்ளன. நாற்காலிகள் சிறியவை, குளிரூட்டி கடுமை. அதற்கு மட்டும் சென்னிமலை விரிப்பு ஒன்றை எடுத்துச் செல்வது உண்மையிலேயே பயன்படும்.