வீடுதான் பள்ளிக்கூடமா? முதல் வாரம் டைம்டேபிள் வேண்டாமே!

ஜூன் பிறந்துவிட்டால் தெரு முழுக்க ஸ்கூல் வேன் ஹாரன்தான். புது யூனிஃபார்ம், புது பேக், அட்டை போட்ட நோட்டுகள் என்று ஊரே பரபரக்கும். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்கு மட்டும் அந்த வாரம் கொஞ்சம் கனமாக இருக்கும். 'நாம சரியாத்தான் செய்றோமா?' என்ற கேள்வி உள்ளே அரிக்கும். போதாக்குறைக்கு, 'என்ன, இந்த வருஷமும் ஸ்கூலுக்கு அனுப்பலையா?' என்று மாடிப்படியில் யாராவது கேட்டுவைப்பார்கள்.

இந்தப் பயம் சுவரில் டைம்டேபிளாக ஏறிவிடுகிறது. எட்டரைக்குக் கணக்கு, ஒன்பதேகாலுக்கு அறிவியல். மூன்றாம் நாள் பிள்ளை அழும். நான்காம் நாள் அம்மா அழுவார். எந்த அவசரம் வேண்டாம் என்று வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுத்தோமோ, அதையே ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

பயத்தை இறக்கிவையுங்கள்

'பரீட்சைக்கு என்ன செய்வது?' என்பதுதான் பெரிய பயம். 1989-ல் தொடங்கப்பட்ட என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 14 வயது நிறைந்தவர்கள் இதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் இருக்கின்றன. எனவே, எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் பத்தாம் வகுப்பு பரீட்சையை இப்போதே ஏற்ற வேண்டாம்.

முதல் வாரம் பிள்ளைக்கு

ஒரு நோட்டு எடுங்கள். 'இந்த வருஷம் உனக்கு என்னெல்லாம் தெரிஞ்சுக்கணும்?' என்று கேளுங்கள். 'ரயில் எப்படித் தண்டவாளம் மாறுது?', 'பல்லி ஏன் கீழே விழல?' என்று எது வந்தாலும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். அந்த வருடத்தின் முதல் பாடத்திட்டம் அதுதான்.

பாடம் வீட்டிலேயே கிடக்கிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது விகிதக் கணக்கு. ராத்திரி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளின் வேலை. ஆறு, ஏழு படிக்கும் வயதுப் பிள்ளை என்றால், இரண்டு மாதக் கரன்ட் பில்லைக் கையில் கொடுங்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும். காகம் கூடு கட்டும் காலம் இது. அதில் குயில் முட்டை வைக்கும் கதையைச் சொல்லிவிட்டு, பக்கத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாவது வாரத்தில் திறங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாடம், அதுவும் காலை வேளையில் என்று ஆரம்பித்தால் போதும்.

அம்மா மட்டும் டீச்சர் இல்லை

பல வீடுகளில் இந்தப் பொறுப்பு முழுக்க அம்மா தலையில்தான் விழுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது அப்பா பொறுப்பில் விடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் கதையும் மனக்கணக்கும் அவர்கள் துறை. அம்மாவும் ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்க ஆரம்பிக்கலாம். தையலோ, கீபோர்டோ, இந்தியோ, எதுவாக இருந்தாலும் சரி. அம்மா தப்புத்தப்பாகப் பழகுவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தப்பு செய்வதில் பயம் போய்விடும்.

நட்பும் பாடம்தான். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு, சனிக்கிழமை நூலகம் என்று இரண்டை மட்டும் விடாதீர்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள்.

'எனக்கும் ஸ்கூலுக்குப் போகணும்!'

பிள்ளை இப்படிச் சொன்னால் பதறாதீர்கள். உங்கள் முயற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சிலருக்கு வேனில் ஏறும் ஆசை, சிலருக்கு ஃபிரெண்ட்ஸ் வேண்டும், சிலருக்கு நிஜமாகவே பள்ளிக்கூடம் வேண்டும். எது என்று பொறுமையாகக் கேளுங்கள். வீட்டுவழிக் கல்வியை ஆரம்பித்தது பிள்ளைக்காகத்தான் என்றால், அதை மாற்றிக்கொள்வதும் பிள்ளைக்காக இருக்கட்டும்.

தொடர நினைப்பவர்கள், ராத்திரி சாப்பிடும்போது 'இன்னிக்கு எது ஜாலியா இருந்துச்சு?' என்று கேளுங்கள். மறக்காமல் உங்கள் பதிலையும் சொல்லுங்கள். இரண்டு பேருக்குமே நாலு நாளாகப் பதில் இல்லையென்றால், டைம்டேபிளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.