'எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' – முதல் இன்டர்வியூவும் அதற்குப் பிறகும்

பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். சுடுகாட்டுப் பாதை, இரட்டை டம்ளர், தேர் வடம், பஞ்சாயத்துத் தேர்தல் எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டிருக்கிறோம், நோட்டீஸ் அடித்திருக்கிறோம், ஜெயிலுக்கும் போயிருக்கிறோம். ஆனால் நம் சேரியிலிருந்து பதினேழு, பதினெட்டு வயசில் பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு, வேலை கேட்டு முதல்முதலாக ஒரு மேசைக்கு முன்னால் போய் உட்காருகிறதே ஒரு பிள்ளை, அந்த மேசையைப் பற்றி நாம் பேசியதில்லை. 'அது அவனவன் சொந்த விஷயம்' என்று விட்டுவிட்டோம். சாதி அப்படி விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அங்கே கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். 'எந்த ஊரு தம்பி?' 'ஊர்ல எந்தப் பக்கம்?' 'அப்பா என்ன பண்றாரு?' 'சொந்த நெலமா, கூலிக்குப் போறாரா?' 'எந்த ஸ்கூல்ல படிச்ச?' பார்க்கப்போகிற வேலைக்கும் இவற்றில் பெரும்பாலான கேள்விகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே கேள்விதான், ஐந்து வேஷம் கட்டி வருகிறது.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். வடநாட்டைப் போலப் பெயரைப் பார்த்த உடனே சாதியைப் படிக்கிற வசதி இங்கே குறைந்துபோனது. நல்ல காரியம்தான். ஆனால் பட்டம் எழுந்து போன இடத்தில் தெரு வந்து உட்கார்ந்துகொண்டது. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்பே எத்தனை ரேஷன் கார்டு, எத்தனை ஆதார் அட்டையில் அது அச்சாகிக் கிடக்கிறது! மதிப்பெண் பட்டியலில் 'ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று இருந்துவிட்டால் விலாசம்கூடத் தேவையில்லை.

'இதெல்லாம் உங்க தாழ்வு மனப்பான்மைங்க. கம்பெனிக்காரன் தெறமையத்தான் பாக்குறான்' என்று சொல்லுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் சேர்ந்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் முன்னால் வைப்போம். ஆங்கிலப் பத்திரிகைகளில் தனியார் கம்பெனிகள் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு: ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வருகிற சாத்தியம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆள் நேரில் போகவில்லை, வாய் திறக்கவில்லை. தாளில் பெயர் போனதற்கே இந்தக் கதி.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் 25 கம்பெனிகளின் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசியிருந்தார்கள். சாதியா? நாங்கள் அதையெல்லாம் பார்ப்பதே இல்லை என்றார்கள். குடும்பப் பின்னணி? அதை அவசியம் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன படித்தார், வீட்டில் யார் யார் என்ன வேலை – இதிலிருந்து ஒருவனுடைய குணத்தைத் தெரிந்துகொள்ளலாமாம். குலம் பார்ப்பது கேவலமாகிவிட்ட காலத்தில் 'பேமிலி பேக்ரவுண்ட்' பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊருக்குள் ஆதிக்கச் சாதிக்காரன் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினால் 'என்னடா திமிரு' என்பான். அதனாலேயே அம்மாக்காரி பிள்ளைக்கு அஞ்சு வயசிலேயே தலையைக் குனிந்து பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அடி வாங்காமல் வீடு வந்து சேர வேண்டுமே. அதே பிள்ளை இன்டர்வியூவில் தலையைக் குனிந்தால் 'பையனுக்குக் கான்பிடன்ஸ் இல்ல' என்று எழுதுகிறார்கள். நிமிர்ந்தால் ஊர் அடிக்கும், குனிந்தால் கம்பெனி கழிக்கும். இதற்குப் பெயர் மெரிட்!

நேர்முகத் தேர்வில் சிபாரிசும் ஊழலும் புகுந்துவிடுகிறது என்று சொல்லித்தான் மத்திய அரசே 2016 ஜனவரி 1 முதல் தன்னுடைய கீழ்நிலைப் பணிகளுக்கு அதை எடுத்துவிட்டது. தனியாரிடம் அதைக் கேட்க ஆளில்லை. இட ஒதுக்கீடும் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையிலும் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடப்போவதில்லை. ஆனால் அது வருகிறவரை இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சரி, இன்டர்வியூ முடிந்தது. 'சொல்லி அனுப்புறோம்' என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான இடம். பத்து நாள் போகிறது, ஒரு மாசம் போகிறது, ஒரு தகவலும் இல்லை. வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஏன் இல்லை என்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அந்தப் பிள்ளை காரணத்தைத் தனக்குள்ளேயே தேட ஆரம்பிக்கிறது. 'எனக்கு இங்கிலீஷ் வரல', 'நான் சரியாப் பேசல', 'நமக்கெல்லாம் இது ஒத்து வராதுப்பா'. அடுத்த இன்டர்வியூவுக்குப் போவதில்லை. சித்தாள் வேலைக்குப் போகிறது, பெயிண்ட் அடிக்கப் போகிறது. ஒரு கம்பெனி ஒரு தடவை சொல்லாமல் விட்ட பதில், ஒரு பிள்ளையை ஆயுசுக்கும் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒதுக்கியவனுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. ஒதுக்கப்பட்டவன் தலையில் குற்றமும் ஏறிக்கொள்கிறது.

வேலை கிடைத்துவிட்டால்? அங்கேயும் கவனம் வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஜெராக்ஸ் போதும். ஏஜெண்டிடம் டெபாசிட் கட்டக் கூடாது. எழுத்தில் ஆர்டர் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, நியாயமான எதிர்ப்புதான். ஆனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பி.எப். என்று அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால், அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். பிடிக்கிறார்கள் என்றால் நம்பர் எங்கே என்று முதல் மாசமே கேட்க வேண்டும்.

'அப்ரண்டிஸ்' என்று எடுத்தால் அது வேறு சங்கதி. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. 'ஒரு வருஷம் ஓட்டினா பர்மனென்ட்' என்று வாயால் சொல்வதை நம்பி வீட்டில் கடன் வாங்கிவிடக் கூடாது. ஆனால் இதே சட்டத்தில் 1973இல் வந்த திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்ற பெயர்களில் கூட்டிப்போனார்களே, அங்கே அந்தப் பெண்ணுக்கு இன்டர்வியூவே கிடையாது. புரோக்கர் அப்பாவிடம் பேசுவான். மூணு வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பான். முன்பணம் கைமாறும். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அப்படிப் போனவர்களில் பெரும்பங்கு நம் வீட்டுப் பிள்ளைகள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்தால் அது கொத்தடிமை. 1976லேயே ஒழித்ததாகச் சட்டம் போட்டாயிற்று.

வேலை, ஆர்டர் எல்லாம் சரி. தங்க இடம்? கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போன அம்பேத்கருக்கு ஒரு ஓட்டலிலும் இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். ஊரில் நண்பர்கள் இருந்தும் தங்க இடம் கிடைக்கவில்லை, பூங்காவில் போய் உட்கார்ந்தார், பம்பாய்க்கு ரயிலேறினார். அவருக்கு இன்டர்வியூ பிரச்சினை இல்லை, ஆர்டர் பிரச்சினை இல்லை. ராத்திரி படுக்க இடம்தான் பிரச்சினை. நூறு வருஷம் தாண்டியும் ஸ்ரீபெரும்புதூரிலோ திருப்பூரிலோ ரூம் தேடுகிற பையனிடம் வீட்டுக்காரர் கேட்கிறார்: 'தம்பி எந்த ஊரு? நீங்க என்ன ஆளுங்க?' ஆபீசில் கேட்டவன்கூடக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் கேட்டான்.

'கம்பெனி முதலாளிக்கு ஆள் தயார் பண்ணித் தர்றதா தோழர் நம்ம இயக்கத்தோட வேலை?' என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நம் தெருவில் பாருங்கள். மகன் வெளியூரில் வேலை பார்த்து மாசச் சம்பளம் அனுப்புகிற வீட்டில்தான் அப்பன் 'இனிமே எழவுக்குப் பறையடிக்க வரமாட்டேன், குழி வெட்ட வரமாட்டேன்' என்று ஊரைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. ஊர்க்காரன் கூலியை நிறுத்தினாலும் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நம் போராட்டங்களை உடைக்க அவர்கள் எடுக்கிற முதல் ஆயுதம் கூலி மறுப்பு. அதைத் தாங்குகிற பலம் வெளியிலிருந்து வருகிற சம்பளத்தில் இருக்கிறது. முதலாளி சுரண்டத்தான் செய்வான், அதற்குச் சங்கம் வைத்துச் சண்டை போடுவோம். சங்கம் வைக்கவும் உள்ளே போயாக வேண்டுமே.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, மூன்று காரியம்.

ஒன்று, நம் இரவுப் பள்ளிகளில் மேசை போட்டு உட்காருவோம். பேங்கிலும் எல்.ஐ.சி.யிலும் ரயில்வேயிலும் இருக்கிற நம்மவர்கள் மாசம் ஒரு ஞாயிறு வந்து அந்தப் பக்கம் உட்காரட்டும், பிள்ளைகள் இந்தப் பக்கம். 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை அவர்களே கேட்கட்டும். பிள்ளையை மறைக்கச் சொல்லாதீர்கள். 'அம்பேத்கர் நகருங்க சார். வெல்டிங் படிச்சிருக்கேன், அதுல கேளுங்க' என்று கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். பத்துத் தடவை சொன்னால் பதினோராவது தடவை நாக்கு ஒட்டாது.

இரண்டு, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு. யார், எந்த தேதியில், எந்தக் கம்பெனிக்குப் போனார், என்னென்ன கேட்டார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள், கடைசியில் யாரை எடுத்தார்கள். மற்றவர்கள் பார்க்கிற வேலையைப் பட்டியல் சாதியினர் பார்க்கவிடாமல் தடுப்பதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் மூடிய அறையில் நடப்பதற்குச் சாட்சி ஏது? ஒருத்தன் சொன்னால் புலம்பல். ஒரே கம்பெனி பற்றி இருபது பேர் தேதி போட்டு எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் போகலாம், ஆணையத்துக்குப் போகலாம், வாசலில் உட்காரலாம்.

மூன்று, போய்விட்டு வந்த பிள்ளையை அந்த வாரமே போய்ப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் கூட இருந்து போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அடுத்த இடத்துக்கு மனுப் போட வையுங்கள். 'உன்மேல தப்பில்ல' என்று ஒருத்தர் சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய்த் திரும்பியவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தா, நன்கொடைக் கணக்கோடு ஒரு நோட்டு வாங்குகிற செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.