விதைத் தானியம்

கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டில், உலை ஏறாத நாளிலும், விதைக்கென்று குலுக்கையில் போட்டு வைத்த கம்பில் கை வைக்கமாட்டார்கள். அந்தச் சம்சாரிகளின் பேரன் பேத்திகள்தாம் இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் போய் வருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு விதைத் தானியம் உண்டு. அதன் பெயர் பிராவிடெண்டு பண்டு. சர்க்கார் பாஷையில் வருங்கால வைப்பு நிதி. வேலையை விட்டதும் அதை வறுத்துத் தின்றுவிடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உபாத்தியாயர் வேலையில் இருப்பவனிடம், முன்பு படித்த பிள்ளைகள் விண்ணப்பத் தாளும் கையுமாக வருவது சகஜம். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "சார், முழுப் பணமும் எப்போது வரும்?" எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்று கேட்பவர் அபூர்வம்.

இந்த நிதி 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்தது. முதலில் சிமெண்டு, துணி, காகிதம் முதலிய ஆறு தொழில்களுக்கு மட்டும் இருந்தது. பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். மாதச் சம்பளமாயினும், கட்டை அடுக்கியும் சரம் பின்னியும் வாங்கும் பீஸ் கூலியாயினும் பேதமில்லை. தொழிலாளி சம்பளத்தில் 12 சதவிகிதம் கட்டுகிறார். முதலாளியும் 12 சதவிகிதம் கட்டுகிறார். ஆனால் முதலாளி கட்டுவதில் 8.33 சதவிகிதம் பண்டில் சேருவதில்லை. 1995 நவம்பர் 16 முதல் அது தனியே பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. இவை இரண்டு பானைகள் என்பதைத்தான் பலர் அறியாதிருக்கிறார்கள்.

பண்டுப் பானையில் இருப்பது பணம். 2024-25-ஆம் வருஷத்துக்கு அதற்கு 8.25 சதவிகிதம் வட்டி கிடைத்தது. பென்ஷன் பானையில் இருப்பதோ வருஷங்கள். பத்து வருஷ சேவை நிறைந்தால் 58 வயது முதல் ஆயுள் உள்ளவரை பென்ஷன் உண்டு. பத்து நிறையாதவர், கட்டிய காலத்துக்கு ஏற்ற ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். வாங்கிய அன்றே அந்த வருஷங்கள் அழிந்துபோகும். அடுத்த ஆபீஸில் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்கும்.

நம் பெண்கள் ஓர் ஆபீஸில் மூன்று வருஷம், இன்னொன்றில் நான்கு, கலியாணமாகிப் போன ஊரில் மற்றுமொரு நான்கு என்று உழைப்பவர்கள். கூட்டினால் பதினொன்று, பென்ஷனுக்குப் போதும். ஒவ்வொரு முறை விலகும்போதும் பென்ஷன் பங்கை வாங்கிவிட்டாலோ, பதினொரு வருஷம் உழைத்தும் பென்ஷன் பூஜ்யம்!

கணக்கைப் பாருங்கள். 10,500 ரூபாய் சம்பளத்தில் ஒன்பது வருஷம் வேலை செய்து விலகுபவருக்குக் கையில் வருவது ஏறக்குறைய ஒன்பது மாதச் சம்பளம்; ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாங்காமல் வைத்து, வேறிடத்தில் இன்னும் ஒரு வருஷம் சேர்த்தால், சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். மாதம் 1,500 ரூபாய். பென்ஷன் வாங்கத் தொடங்கிய ஆறு வருஷத்துக்குள் அந்த லட்சம் வந்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் லாபம். எடுத்த பணத்தை வட்டிக்குப் போட்டால் வளராதா என்று கேட்கலாம். வளரும், போட்டால்!

எடுக்கிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்தபின், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அடுப்பெரியாத வீட்டில் முதுமையைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்? அப்படிப்பட்ட நெருக்கடியில் பண்டுப் பணத்தில் எடுக்கட்டும். பென்ஷன் பங்கை மட்டும் தொடவேண்டாம்.

வேறு வேலைக்குப் போகிறவர், 12 இலக்கமுள்ள பழைய கணக்கு எண்ணையே புது ஆபீஸில் கொடுத்து, பழைய கணக்கை அதில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையே வேண்டாமென்று வீட்டில் இருப்பவர், 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். சேர்ந்த வருஷங்கள் அதில் பத்திரமாக இருக்கும். விலகிய தேதியைக் கணக்குப்பிள்ளை பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். ஆதாரில் ஒரு பெயரும் ஆபீஸ் புத்தகத்தில் ஒரு பெயரும் இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது உத்தமம். பென்ஷன் பங்கைத் திரும்பப் பெறக் காத்திருக்கும் காலத்தை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக்க, 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு தீர்மானித்ததையும் நினைவில் வைக்கவேண்டும்.

மருந்தோடு பழகும் தொழிலில் இன்னொரு விஷயமும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேலையில் இருக்கையில் ஒருவர் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு அல்லது கணவருக்கும், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரையிலும் பென்ஷன் உண்டு. ஆனால் பெயர் பதிவாகியிருந்தால்தானே? உள்குத்தகைக்காரரிடம் பெயரில்லாமல் வேலை செய்பவரின் குடும்பத்துக்கு இந்த வாசல் திறப்பதில்லை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. குறைந்தபட்ச பென்ஷன் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏறுகிறது; பென்ஷன் தானாக ஏறுவதில்லை. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல் மந்திரியாக இருந்த 1955-இல், உதவிபெறும் பள்ளி உபாத்தியாயர்களுக்குப் பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ் மூன்றும் கிடைக்க வழி செய்தார்கள். சாக்பீஸ் பிடித்த கைக்குக் கிடைத்த நியாயம், தீக்குச்சி அடுக்கும் கைக்கும் குறையாமல் கிடைக்கவேண்டும்.

அதுவரையில் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆபீஸுக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணக்கைத் திறந்து, எத்தனை வருஷம் சேர்ந்திருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். எவ்வளவு பணம் என்பதை அவரே கேட்பார். வருஷத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும்.