பாட்டியின் சர்க்கரைக்கு வீடு தேடி மருந்து... பேரனின் மனசுக்கு?

தலைப்பைப் பார்த்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். "மக்களைத் தேடி மருத்துவம்" நல்ல திட்டம்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டு, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வயதானவர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. வாசலுக்கே வருகிறது.

என் கேள்வி வேறு. அதே வீட்டின் உள்ளறையில் ஒரு பதினாறு வயதுப் பையன் மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறான் என்று வையுங்கள். அவனைத் தேடி யார் வருகிறார்கள்?

யாரும் வருவதில்லை. வளரும் பிள்ளைகளுக்கான மனநல உதவி பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தால் போதாது, அவர்கள் வாழும் தெருவுக்கே வர வேண்டும் என்பதுதான் என் கருத்து. எங்கள் பேகம்பூரை வைத்தே பேசுகிறேன். உங்கள் ஊருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் சுமார் மூன்று பேர்! மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது நாம் நாற்பது வயதில் வைத்தியம் பார்க்கும் பல நோய்கள் பத்தாம் வகுப்பிலேயே தலைகாட்டியவை. அப்போது "வயசுக் கோளாறு, சரியாகிவிடும்" என்று விட்டிருப்போம்.

இனி பேகம்பூர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கமாகியிருப்பதால் வந்த பெயர் இது. பெரிய பள்ளிவாசல், தோல் ஷாப்புகள், நெருக்கமான சந்துகள். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். நல்லது கெட்டது எதுவானாலும் ஓடி வர ஆள் உண்டு. இந்த நெருக்கம்தான் எங்கள் பலம். மனசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இதே நெருக்கம் எதிராகவும் திரும்புகிறது. பையனை மனநல டாக்டரிடம் காட்டினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்... "நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்ற கேள்வியில் அந்தப் பேச்சே முடிந்துவிடும்.

சரி, அப்படியானால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? முதலில் ஓதிப் பார்ப்பார்கள். ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்குவார்கள். தாவீஸ் கட்டுவார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஏதாவது ஒரு தர்கா. இந்துக் குடும்பங்களில் கோயில், வேப்பிலை, குறி கேட்பது. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். பயந்துபோன ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் கை பிடிக்கக் கிடைப்பது அதுதான். டாக்டரைவிட ஹஜ்ரத் பக்கத்தில் இருக்கிறார், காசு கேட்பதில்லை, திட்டுவதில்லை.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி அதிகாலை, தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாடே விழித்தது. 2017ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. அரசு தர வேண்டிய சேவைகளில் குழந்தைகளுக்கான மனநல சேவையும் உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே இது சலுகை இல்லை நண்பர்களே, உரிமை.

நம்பிக்கையும் மருந்தும் சண்டை போட வேண்டியதில்லை என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் "தவா-துவா" என்று ஒரு முறை நடக்கிறது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவில் இருப்பவர்களே ஓதிவிட்டு, "அப்படியே டாக்டரையும் பாருங்கள்" என்று பக்கத்திலேயே இருக்கும் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். பின்னர் ஏர்வாடிக்கும் இந்த முறை வந்தது.

திண்டுக்கல்லில் மனநல வைத்தியமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் இந்தியாவில் தொடங்கியபோது முதலில் தேர்வான நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று நம் மாநிலத்தில் எல்லா மாவட்டத்திலும் உண்டு. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் 2022ல் வந்துவிட்டது. பிறகு ஏன் பிள்ளைகள் போவதில்லை? எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று.

ஒன்று, நேரம். புறநோயாளிகள் பிரிவு நடப்பது காலையில். பிள்ளை பள்ளியில் இருப்பான், அத்தா வேலைக்குப் போயிருப்பார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

இரண்டு, பெயர். "மனநலப் பிரிவு" என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

மூன்று, வார்த்தை. நம் பிள்ளைகள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "தலை கனமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "எதுவும் பிடிக்கல" என்றுதான் சொல்கிறார்கள். நாம் தலைவலி மாத்திரை வாங்கித் தருகிறோம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே தடைகள்தான். மொழி தெரிந்த ஆலோசகர் இல்லை, வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது, அப்பா அம்மா இரண்டு ஷிப்ட் வேலை. அங்கே "ப்ரொமோதோரா" என்று அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர் ஆக்கும் வழக்கம் இருக்கிறது. டாக்டருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெரிந்த முகம்.

இங்கே என்ன செய்யலாம்?

முதலில் ஆள். மனநல டாக்டர்கள் நம் நாட்டில் குறைவு. ஒவ்வொரு வார்டுக்கும் ஒருவர் என்பது நடக்காத காரியம். ஆனால் எல்லோருக்கும் டாக்டர் தேவையும் இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். வருபவரின் கவலையைக் கேட்டு, ஒவ்வொரு பிரச்சினையாகப் பிரித்து, முதல் படி என்ன என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 50 சதவீதம், பெஞ்சுக்கு வந்த குழுவில் 14 சதவீதம். அது பெரியவர்களிடம் செய்தது.

பிள்ளைகளிடம் செய்தது நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர், சில பள்ளிகளில் அங்கேயே உள்ள ஆசிரியர், சிலவற்றில் இரண்டும் இல்லை. 2018ல் முடிவு வந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் மாணவர்களுக்குள் மிரட்டலும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை! ஆசிரியர்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுபவரிடமே மனசைத் திறப்பது கஷ்டம். அதனால் "ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி" என்று கணக்கை முடித்துவிடக் கூடாது.

அடுத்து இடமும் நேரமும். 2023ல் நகரங்களில் நலவாழ்வு மையங்கள் பல திறக்கப்பட்டன, சாயங்காலமும் இயங்கும்படி. காய்ச்சலுக்கும் அங்கேதான், தலைவலிக்கும் அங்கேதான். அந்த வாசலில் யார் எதற்காக நுழைகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாரம் இரண்டு மாலை, ஒரு தனி அறை, ஒரு ஆலோசகர். போர்டில் "வளரிளம் பருவத்தினர் நலம்" என்று போட்டால் போதும். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பையன்களும், வீட்டோடு இருக்கும் பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் வழியாகக் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. கூடவே, மாத்திரை கொடுக்க வரும் அக்காவும் "வீட்ல பிள்ளைங்க எப்படி இருக்காங்க? தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்கட்டும்.

பிறகு ஜமாஅத். வெள்ளிக்கிழமை பயானில் ஹஜ்ரத் ஒரே ஒரு முறை, "மனசுக்கு வரும் நோயும் நோய்தான், வைத்தியம் பார்ப்பது தப்பில்லை" என்று சொன்னால், சுகாதாரத் துறையின் நூறு போஸ்டருக்குச் சமம்.

இதற்கு வரும் ஆட்சேபணைகளில் நான் மிகவும் மதிப்பது ஒன்று. தெருக்காரரே ஆலோசகர் என்றால் ரகசியம் நிற்குமா? நியாயமான பயம். அதனால் அதே தெருவில் போடக் கூடாது. பேகம்பூர் ஆள் நாகல் நகருக்குப் போகட்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வரட்டும். பேச்சு வழக்கு தெரியும், வீடு தெரியாது. மாவட்ட மனநலக் குழு மாதா மாதம் மேற்பார்வை பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உடனே வீட்டாருக்கும் டாக்டருக்கும் சொல்வேன் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

"நாங்கல்லாம் இதெல்லாம் இல்லாமல் வளரலையா?" என்பது இன்னொரு ஆட்சேபணை. வளர்ந்தீர்கள், உண்மை. வளராமல் போனவர்களின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை, அதுவும் உண்மை.

இதெல்லாம் நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. டாக்டர் சௌந்தரம் அம்மா தொடங்கிய காந்திகிராமம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1959ல் ஆத்தூர் ஒன்றியத்தில், கிராமத்தில் மதிப்புள்ள சாதாரண ஆட்களை வைத்தே குடும்ப நலத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வெட்கப்பட்டு யாரும் வாய் திறக்காத விஷயம்தான் அதுவும்!

அந்த மாலை நேர அறை வரும்வரை ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் தம்பியோ தங்கையோ பல நாளாகப் பேசாமல் இருந்தால் முதலில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடலாம். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது ரோடு, சாக்கடையோடு சேர்த்து இந்த அறையையும் கேளுங்கள். நாங்கள் கேட்கப் போகிறோம்.