சுருளைப் புறக்கணிக்கலாமா?



இயற்பியல் கணக்குகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். "காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்" என்பதே அது. மாடியிலிருந்து கல் விழும் கணக்கில் இவ்வாக்கியம் நமக்குப் பெருந்துணை. அதையே ஒரு கோழி இறகு விழும் கணக்கில் எழுதினால் விடை நகைப்புக்கு இடமாகிவிடும். எதைப் புறக்கணிக்கலாம், எதைப் புறக்கணிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதே இயற்பியலில் பாதி. இதைக் கல்லூரியில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கே அண்மையில் அந்தப் பாடத்தை மறுபடியும் கற்பித்தது ஒரு தலைமுடி!

என் அண்ணன் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். கணிப்பொறியில் உருவங்களைச் செதுக்கும் 'பிளெண்டர்' என்ற மென்பொருளைத் தானாகவே பழகிக்கொண்டவள். இது விலையின்றிக் கிடைப்பது. திரையில் களிமண் உருண்டை போன்ற ஒரு வடிவம் தோன்றும். அதை அழுத்தியும் இழுத்தும் தேய்த்தும் மூக்கு, காது, கன்னம் என்று உருவாக்க வேண்டும். கோடை விடுமுறையில் அவள் தன் அப்பத்தாவின், அதாவது என் தாயாரின், தலையைச் செதுக்கியிருந்தாள். முகம் அச்சாக அமைந்திருந்தது. கண்ணோரச் சுருக்கங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் முடிதான் பொருந்தவில்லை.

"சித்தப்பா, அப்பத்தா தலையில வைக்கோலைக் கவிழ்த்த மாதிரி இருக்கு. என்ன செஞ்சும் சரியா வரலை" என்றாள்.

என் தாயாருக்குச் சுருட்டை முடி. இப்போது முழுவதும் நரைத்துவிட்டது. எவ்வளவு எண்ணெய் தடவினாலும் சீப்புக்கு அடங்காமல் நெற்றியைச் சுற்றி வளையம் வளையமாக நிற்கும். அந்த முடி இல்லாவிட்டால் அது அவர் முகமே அன்று.

மென்பொருளில் முடி அமைக்கும் பகுதியை நான் பார்த்தேன். அங்கே முதலில் முளைப்பது நேரான இழை. அதை நீட்டலாம், வாரலாம், வெட்டலாம். சுருள் என்பது அதற்குப் பின், எண் கொடுத்து ஏற்றப்படும் ஒரு திருத்தம். அவளும் அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தாள். உடனே எல்லா இழைகளும் ஒரே அளவில், ஒரே திசையில் சுருண்டன. வைக்கோல் போய், பேனா ஸ்பிரிங்குகளை அடுக்கிவைத்தது போல் ஆயிற்று! "கம்ப்யூட்டரால இவ்வளவுதான் முடியும் போல" என்று அவள் சலித்துக்கொண்டாள். குறை கணிப்பொறியில் இல்லை என்பதே என் கருத்து. அது ஏன் என்று சொல்கிறேன்.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒரு முடியின் விட்டம் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். இவை ஒவ்வொன்றையும் கையால் வரைவது நடவாத காரியம். ஆகவே கலைஞர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சில நூறு அல்லது சில ஆயிரம் 'வழிகாட்டி' இழைகளை மட்டும் தலையில் நட்டு, அவற்றைக் கவனமாக வளைத்து அமைப்பார்கள். இடையில் உள்ள முடிகளைக் கணிப்பொறி நிரப்பிக்கொள்ளும். இரண்டு வழிகாட்டிகளுக்கு நடுவே முளைக்கும் முடி, அவ்விரண்டின் சராசரிப் பாதையில் செல்லும்.

நேரான முடிக்கு இது அழகான தந்திரம். பக்கத்துப் பக்கத்து முடிகள் ஏறக்குறைய இணைகோடுகளாகவே செல்வதால் சராசரி சரியாக அமைந்துவிடும். சுருள் முடியில் என்ன ஆகும்? அலைகளின் மேற்பொருந்துதலை நினைவுகூருங்கள். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் ஒரே இடத்தில் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் அல்லவா? அதேபோல் ஒரு சுருள் இடப்பக்கம் வளையும் இடத்தில் அடுத்த சுருள் வலப்பக்கம் வளைந்தால், இரண்டின் சராசரி ஒரு நேர்கோடு! இரண்டு சுருட்டை முடிகளுக்கு நடுவே ஒரு வைக்கோல் முளைத்துவிடும். என் அண்ணன் மகள் கண்ட குழப்பத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மரஸ்கேலை எடுத்துத் தட்டையான பக்கமாக வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும். இப்போது விளிம்புப் பக்கமாக வளைக்க முயலுங்கள். வளையாது. முடியும் அப்படித்தான். நேரான முடியின் குறுக்குவெட்டு பொதுவாக வட்டத்தை ஒத்திருக்கும். நன்கு சுருண்ட முடியின் குறுக்குவெட்டு பெரும்பாலும் தட்டையான நீள்வட்டம். எனவே அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைவதில்லை. தடிமனும் முக்கியம். உருண்டையான இழை ஒன்றின் விட்டம் இரு மடங்கானால் அதன் விறைப்பு 16 மடங்காகும். 'முடி' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வகைப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன.

இத்துறையின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். 1989-இல் ஜேம்ஸ் கஜியா, திமோத்தி கே என்னும் இருவர், உரோமம் அடர்ந்த கரடிப் பொம்மை ஒன்றைக் கணிப்பொறியில் வரைந்து காட்டினர். மெல்லிய உருளை ஒன்றின்மீது பட்ட ஒளி எவ்வாறு சிதறும் என்ற கணக்கை அவர்கள் அமைத்தனர். 2001-இல் வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' திரைப்படத்தில் சல்லி என்ற விலங்கின் உடலில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட உரோமங்கள் அசைந்தன. 2003-இல் ஸ்டீபன் மார்ஷ்னரும் அவருடைய துணைவர்களும் உண்மையான மனித முடியின்மேல் ஒளியைப் பாய்ச்சி அளந்தனர். ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே எதிரொளிக்கிறது. ஒரு பகுதி முடிக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. இன்னொரு பகுதி உள்ளே புகுந்து, பின்சுவரில் எதிரொளித்து, முடியின் நிறத்தையும் சுமந்துகொண்டு திரும்பிவருகிறது. முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஓட்டுக் கூரையின் ஓடுகளைப் போலச் சற்றே சாய்ந்திருப்பதால், வெண்மையான பளபளப்பும் நிறம் தோய்ந்த பளபளப்பும் வெவ்வேறு இடங்களில் தெரிகின்றன. என்ன அருமையான அளவீடு!

சுருள் முடியின் கதை இவ்வளவு வேகமாக நகரவில்லை. 2012-இல் 'பிரேவ்' என்ற படத்துக்காக, மெரிடா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணின் செம்பட்டைச் சுருள் முடியை அமைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிக்ஸார் நிறுவனத்தார் புதிய கணக்கு முறையையே உருவாக்க வேண்டியதாயிற்று. சுருளைக் காக்கும்படி ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தால் முடி இரும்புக் கம்பிபோல் அசைய மறுக்கும். தளர்வாக வைத்தால் ஈர்ப்பு விசை சுருளை இழுத்து நேராக்கிவிடும். சுருளின் நடுவே ஓடும் மையப் பாதைக்கு ஒரு தனிக் கணக்கும் சுருளுக்கு ஒரு தனிக் கணக்கும் வைத்து அவர்கள் இச்சிக்கலைத் தீர்த்தனர்.

மெரிடாவின் முடி பெரிய, தளர்ந்த சுருள். ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடம் பரவலாகக் காணப்படும் நெருக்கமான சுருள் முடி அப்போதும் பின்னுக்கே தள்ளப்பட்டிருந்தது. 'மனித முடி' என்ற பொதுப் பெயரில் வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் நேரான முடியைப் பற்றியவையே என்று யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம் 2020-இல் சுட்டிக்காட்டினார். அவரும் கலைஞரான ஏ. எம். டார்க்கும் மாணவர்களுடன் சேர்ந்து 2023-இலும் 2024-இலும் நெருக்கமான சுருள்களுக்கென்றே கணக்கு முறைகளை வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன். தலைத்தோலை ஒட்டிய இடத்தில் முடிகள் பஞ்சுபோல் ஒழுங்கின்றி இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் சென்றபின் ஒன்றோடொன்று இசைந்து ஒரே சுருளாகச் சேர்கின்றன. இது ஒன்று. வலமாகச் சுற்றிவரும் சுருள் திடீரென்று திரும்பி இடமாகச் சுற்றத் தொடங்குவது மற்றொன்று. சில இழைகள் கற்றையோடு சேர்ந்து சுற்றாமல் ஒரு சுற்றைத் தவறவிட்டு வெளியே நீட்டிக்கொள்வது மூன்றாவது. உங்கள் வீட்டுப் பக்கம் பாகற்கொடியோ பீர்க்கங்கொடியோ படர்ந்திருந்தால், பந்தலைப் பற்றிய அதன் பற்றுச்சுருளை உற்றுப் பாருங்கள். பாதித் தூரம் ஒரு திசையிலும் மீதித் தூரம் எதிர்த்திசையிலும் சுற்றியிருக்கும். இப்படித் திசை மாறும் சுருளைத் தாவரங்களில் டார்வின் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

கரடிப் பொம்மையின் உரோமம் 1989-இல். நெருக்கமான சுருளின் தனிக் கணக்கு 2023-இல். ஏன் இந்த 34 ஆண்டு இடைவெளி? "சுருள் கடினமானது, எளியதிலிருந்து தொடங்குவதுதானே அறிவியல்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுருள் முடிகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் அதிகம்; கணக்கிட நேரமும் அதிகம். எளிமையாக்கத்தை நான் குறைசொல்லவில்லை. எளிமையாக்காமல் இயற்பியலே இல்லை. ஆனால் கல் விழும் கணக்கில் "காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்" என்று நாம் வெளிப்படையாக எழுதிவைக்கிறோம். பின்னால் வருபவன் இறகை எடுக்கும்போது அந்த வரியைக் கண்டு எச்சரிக்கையடைவான். முடியின் கணக்கில் "சுருளைப் புறக்கணித்துள்ளோம்" என்று எழுதாமல் "முடி" என்று மட்டும் எழுதிவிட்டார்கள். அங்கேதான் தவறு நேர்ந்தது.

இதன் விளைவு தாளோடு நிற்கவில்லை. கருவி எதை எளிதாகத் தருகிறதோ அதையே கலைஞரும் எளிதில் செய்வார். படங்களிலும் விளையாட்டுகளிலும் நேரான முடியுள்ளவர்களே மேலும் மேலும் தோன்றுவார்கள். சுருள் முடியுள்ள சிறுமி திரையில் தன்னைத் தேடிக் காணாமல், தன் முடிதான் ஏதோ பிழை என்று எண்ணத் தலைப்படுவாள். ஒரு சமன்பாட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு இது அதிகமான விலை அன்றோ?

சரி, எங்கள் அப்பத்தா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கணிப்பொறியை மூடச் சொன்னேன். என் தாயாரை மாலை வெயிலில் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு கைலென்சை அவள் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் பார்த்தாள். நோட்டில் குறித்தாள். நெற்றியோரச் சுருள்கள் சிறியவை, பிடரியில் பெரியவை. சில கற்றைகள் வலமாகவும் சில இடமாகவும் சுற்றுகின்றன. நரைமுடியில் கருநிறப் பொருள் இல்லாததால், பின்னாலிருந்து வரும் வெயில் அதனுள் புகுந்து ஓரமெல்லாம் ஒளிர்கிறது. "இத்தனை வருஷமா நான் இதைப் பார்க்கவே இல்லையே, சித்தப்பா" என்றாள். நானும் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

பிறகு அவள் வேலையை மாற்றித் தொடங்கினாள். முதலில் முடி முழுவதையும் ஒரே திரளாகச் செதுக்கினாள். அடுத்து அதைக் கற்றைகளாகப் பிரித்தாள். கற்றை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழிகாட்டிகளை நட்டு, சுற்றும் திசையையும் அளவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஒரு கற்றையின் சராசரி இன்னொரு கற்றையோடு கலவாதபடி பார்த்துக்கொண்டாள். கடைசியாக, கட்டுக்கு அடங்காத சில இழைகளை வெளியே நீட்டினாள். மூன்று வாரம் பிடித்தது. இன்னும் குறை உண்டு, காதோரம் சரியில்லை. ஆனால் படத்தைக் கண்ட என் தாயார், "எண்ணெய் வைக்காத தலையோடவா என்னைப் படம் புடிச்ச?" என்று கடிந்துகொண்டார். அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா!

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை இத்தகைய மென்பொருள்களில் வேலை செய்வீர்கள். சிலர் அவற்றை எழுதவும் செய்வீர்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அது அடுத்த ஆண்டு மாறியும் போகும். மாறாதது ஒன்று உண்டு. கருவியைத் தொடுமுன் பொருளைப் பார்க்க வேண்டும். கருவி முதலில் எதைத் தருகிறதோ அதுவே இயற்கை என்று நம்பிவிடக் கூடாது. எதையேனும் புறக்கணித்தால், புறக்கணித்தேன் என்று நேர்மையாக எழுதிவைக்க வேண்டும்.

நாளை வகுப்பில் உங்கள் முன்வரிசையில் இருப்பவர்களின் தலைகளைச் சற்றுப் பாருங்கள். எத்தனை வகை முடி! அவற்றில் எது 'சாதாரண முடி' என்று உங்களால் சொல்ல முடிகிறதா?