சிவப்பு மையும் ஒரு முதுகலைப் பட்டமும்
பயன்பாட்டு மொழியியலில் எம்.ஏ. சேரும் பலரும் அதை ஆங்கில ஆசிரியர் வேலைக்கான சீட்டாகவே பார்க்கிறார்கள். வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் துறைக்கென்றே 1950-களில் தனிப் பள்ளி தொடங்கிய எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிட் கார்டர், 1967-இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியர்களின் பார்வையையே திருப்பிப் போட்டார். மாணவர் செய்யும் பிழை, அவர் மனத்துக்குள் உருவாகிவரும் இலக்கணத்தின் தடயம் என்றார். நம்மூர் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றைப் புரட்டுங்கள். ‘மாமா வந்தாங்க, சாப்பிட்டாங்க, ஊருக்குப் போனாங்க’ என்று எழுதிய பிள்ளைக்கு மூன்று சிவப்புச் சுழி விழுந்திருக்கும். மூன்று இடத்திலும் விகுதி ஒன்றுதான். பேச்சுத் தமிழின் விதியைப் பிள்ளை துளியும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. அதற்கு இன்னும் பிடிபடாதது எழுத்து வழக்கு மட்டுமே. வெறும் சுழி இதைச் சொல்லித் தராது. எம்.ஏ. படிப்பிலோ கோட்பாட்டுப் பெயர்களை அடுக்கி ஆய்வேட்டை முடித்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை (வாய்மொழித் தேர்வில்கூட). என்னைக் கேட்டால், ஒரு பருவம் முழுக்க அரசுப் பள்ளி நோட்டுகளோடு உட்காராத எவருக்கும் இந்தப் பட்டத்தைக் கொடுக்கக் கூடாது.